அறிவுத் தொழிலும் அதன் அளவுகோலும்

சிலாவத்துறை என்னும் பெயர் சலாபத்துறை என்பதன் மரூஉ என்று கூறுவர். சலாபமாவது முத்துக் குளிப்பு. மன்னாருக்குத் தெற்கே, முசலிப் பிரதேசத்தின் கடலோரமாக அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி எனக் கிடக்கும் ஊர்கள் ஒரு காலத்திலே பல நாட்டு வணிகரின் கண்ணையும் கவர்ந்தவை. சலாபம் கூடிய ஆண்டுகளில் கீழக்கரை முஸ்லிம்களும் தூத்துக்குடிப் பரதவரும் அராபியரும் இங்கே வந்து குழுமினர். வெறும் மணற்பரப்பு சில நாள்களிலே நகரமாயிற்று. சலாபம் கலைந்ததும் மீண்டும் மணற்பரப்பாயிற்று.

இச்சலாபத்தை மேற்பார்வை செய்தற்பொருட்டு, தேசாதிபதி பிரெடரிக் நோர்த் (1798–1805) அரிப்பிலே கடலை நோக்கி ஒரு மாளிகை கட்டுவித்தார். ஊரார் அதனை அல்லிராணி கோட்டை என்பர். இன்று அது கடலரிப்பால் இடிந்து சரிந்து கொண்டிருக்கிறது. அச்சிதைவின் அருகே நிற்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் தோன்றுவதுண்டு. அங்கிருந்து நோக்கிய அதிகாரிக்குத் தோணிகள் புறப்பட்டமை தெரிந்திருக்கும். அவை திரும்பியமையும் தெரிந்திருக்கும். ஆனால், நீருக்குள்ளே ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்தில் சுழியோடி என்ன செய்தான் என்பது எத்துணை உயரமான மாளிகையில் ஏறி நின்றாலும் தெரிந்திராது.

இந்நாளில் நம் பாடசாலைகளையும் அலுவலகங்களையும் நடத்துவோர்க்கு நேர்ந்துள்ள இடர்ப்பாடும் இதுவே. கையால் செய்யும் தொழில் கண்ணுக்குத் தெரியும். கருத்தால் செய்யும் தொழில் தெரியாது. தெரியாததை எவ்வாறு அளப்பது, எவ்வாறு பெருக்குவது என்ற வினாவே இன்று உலகெங்கும் ‘அறிவுத் தொழிலாளரின் உற்பத்தித்திறன்’ என்ற பெயரால் பேசப்படுகிறது. ஆசிரியர், எழுதுவினைஞர், கணினி வல்லார், மருத்துவர், பத்திரிகையாளர் ஆகிய அனைவரும் இவ்வினாவினுள் அடங்குவர். இதனை நம் ஊரில் நின்றே சற்று ஆராய்வோம்.

சொல் வந்த வழி

அறிவுத் தொழிலாளர் என்ற வழக்கைப் பரப்பியவர் பீட்டர் டிரக்கர் என்னும் நிருவாகவியல் அறிஞர். 1959ஆம் ஆண்டிலேயே அவர் இவ்வகுப்பாரைப் பற்றி எழுதினார். அவருக்கு முன் 1911இல் பிரெடரிக் டெயிலர் என்பவர், ஒரு தொழிலாளி மண்வெட்டியை எவ்வாறு பிடித்தால், எத்தனை முறை எறிந்தால் வேலை மிகும் என்று கணக்கிட்டு, விஞ்ஞான முறை நிருவாகம் என்று ஒன்றை வகுத்திருந்தார். கைத்தொழிலில் அக்கணக்குப் பயன் தந்தது. இருபதாம் நூற்றாண்டில் தொழிற்சாலைத் தொழிலாளியின் உற்பத்தித்திறன் ஐம்பது மடங்கு பெருகிற்று என்று 1999இல் எழுதிய ஒரு கட்டுரையிலே டிரக்கர் மதிப்பிட்டார். அறிவுத் தொழிலாளரின் திறனைப் பெருக்குவதே இனிவரும் நூற்றாண்டின் பணி என்றும் அவர் அங்கே கூறினார்.

அக்கட்டுரையில் அவர் தொடங்கும் இடம் நோக்கத்தக்கது. மண்வெட்டி பிடித்தவனுக்கு வேலை இன்னதென்று முன்னரே தெரியும். அதனைச் செய்யும் முறையே ஆராயத்தக்கது. அறிவுத் தொழிலிலோ ‘உன் வேலை எது?’ என்பதே முதல் வினா. ஒரு பெரிய மருத்துவமனையின் தாதியரை அவர் எடுத்துக்காட்டுகிறார். அவர்களுடைய பொழுதைத் தின்றவை தாள்வேலை, பூச்செண்டு அடுக்குதல், தொலைபேசிக்கு மறுமொழி சொல்லுதல் போன்றவை. இவற்றையெல்லாம் தாதியல்லாத ஓர் எழுதுவினைஞரிடம் ஒப்படைத்ததும் தாதியர் நோயாளியின் கட்டிலருகே நிற்க நேரம் வாய்த்தது. ஒருவரையும் விரைந்தோடச் சொல்லாமலே வேலை மிகுந்தது என்பது இதன் பொருள்.

பெயர் ஒட்டிய அலுமாரி

நம் நாட்டில் உற்பத்தித்திறன் என்பது புதிய சொல்லன்று. தேசிய உற்பத்தித்திறன் செயலகம் என ஓர் அரச நிறுவனமே உண்டு. அது நடத்தும் விருதுப் போட்டியில் பாடசாலைகளுக்கும் ஒரு பிரிவு உண்டு. யப்பானியத் தொழிற்சாலைகளிலிருந்து வந்த ‘ஐந்து எஸ்’ முறையை இலங்கையின் அலுவலகங்களுக்குச் செல்வோர் யாவரும் கண்டிருப்பர். வேண்டாதன களைதல், வேண்டுவன ஒழுங்குபட வைத்தல், துப்புரவு செய்தல், ஒரே முறைமை பேணல், அதனைப் பழக்கமாக்கல் என்பனவே அவ்வைந்து. அலுமாரிகளிலே பெயர் ஒட்டப்பட்டிருக்கும். கோவைகளின் முதுகிலே நிறங்கள் தீட்டப்பட்டிருக்கும். காலணி வைக்கும் இடத்திலே கோடு கிழிக்கப்பட்டிருக்கும்.

இவற்றை இகழ்வது என் கருத்தன்று. தேடிய கோவை உடனே கிடைப்பது நன்மையே. துப்புரவான வகுப்பறையில் பிள்ளைக்கு மனம் தெளிகிறது. ஆயினும் இம்முறை தொழிற்சாலையில் பிறந்தது. அங்கே கருவி இருக்குமிடமும் கை நீளும் தூரமும் உற்பத்தியைத் தீர்மானித்தன. ஆசிரியனுடைய கருவிகளோ பெரும்பாலும் அவன் நெஞ்சிலே இருக்கின்றன. மேசையை ஒழுங்கு செய்துவிட்டு, அம்மேசையில் அமர்ந்து தொடர்ந்து ஒரு நாழிகை சிந்திக்க அவனுக்கு இடந்தராவிட்டால், வேண்டாதன களைதல் என்ற முதல் விதியையே நாம் பின்பற்றவில்லை என்பேன். களையவேண்டியன அலுமாரியில் மட்டுமோ உள்ளன? நாளின் நடுவிலும் அவை மலிந்து கிடக்கின்றன.

நெய்தல் பற்றிய ஒரு வினா

என் அனுபவம் ஒன்றைச் சொல்வேன். சில காலத்துக்கு முன்னர் க.பொ.த. உயர்தர மாணவர்க்கு ஐந்திணை இலக்கணம் கற்பித்துக் கொண்டிருந்தேன். குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல் என வரிசைப்படக் கூறி, நெய்தலுக்கு இரங்கல் என்றேன். மீன்பிடிக் குடும்பத்துப் பெண்பிள்ளை ஒருத்தி எழுந்தாள். “ஐயா, கடலுக்கு மட்டும் ஏன் இரங்கல் என்று வைத்தார்கள்? எங்கள் வீட்டிலே வலை நிறைந்து வரும் நாளில் சிரிப்பும் கும்மாளமுமாகத்தானே இருக்கும்?” என்று கேட்டாள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கற்பித்த பாடம் அது. விதியைச் சொல்லி அவளை அமர்த்தியிருக்கலாம். ஆனால் அவள் கேட்டது விதியை அன்று. “நல்ல வினா, பார்த்து வந்து சொல்கிறேன், பிள்ளை” என்றேன்.

அன்று மாலை ஏடுகளை விரித்து அமர்ந்தேன். கைத்தொலைபேசி ஒலித்தது. ஒரு படிவத்தை இரவுக்குள் நிரப்பி அனுப்புமாறு வட்ஸ்அப் குழுவிலே செய்தி வந்திருந்தது. அதனை நிரப்பினேன். சற்று நேரத்தில் அதே விவரத்தை வேறு அட்டவணையில் கேட்டு மற்றொரு செய்தி வந்தது. பிறகு, நடந்த ஒரு நிகழ்ச்சியின் படங்களை அனுப்புமாறு ஒரு செய்தி. அனுப்பியவர்க்கெல்லாம் நன்றி கூறி நாற்பது பேர் இட்ட நாற்பது செய்திகள். மறுநாளும் இவ்வாறே கழிந்தது. இரண்டு கிழமை சென்றன, தவணை முடிந்தது. அப்பெண்பிள்ளை மீண்டும் கேட்கவில்லை. வினா எழுப்பினால் ஐயா மறந்துவிடுவார் என்று அவள் கற்றுக்கொண்டிருப்பாளோ என்ற அச்சம் இன்றும் என்னை விடவில்லை.

அந்த இரண்டு கிழமையில் என் பதிவேடுகளில் ஒரு குறையும் இல்லை. கேட்ட படிவங்கள் யாவும் காலத்தில் சென்றன. எந்த அளவுகோலால் அளந்தாலும் யான் திறமையான உத்தியோகத்தனே. நிகழ்ந்த இழப்பை எழுதுவதற்கு எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் இல்லை.

இது என் ஒருவனுடைய குறையன்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குளோரியா மார்க் என்னும் ஆய்வாளர், கணினி முன் அமர்ந்து பணிசெய்வோரைப் பல ஆண்டுகள் உற்றுநோக்கி வந்தார். 2004ஆம் ஆண்டளவில் அவர்களின் கவனம் ஒரு திரையிலே சராசரி இரண்டரை நிமிடம் நின்றது. பின்னைய ஆண்டுகளின் அளவீடுகளில் அது ஏறத்தாழ 47 விநாடியாகச் சுருங்கிவிட்டது என்று அவர் கண்டார். சிதறிய கவனம் மீண்டும் விட்ட இடத்துக்கு வருவதற்கும் பொழுது செல்லும்.

நேரத்தை நீட்டுவதா, குறைப்பதா?

உற்பத்தித்திறன் என்றவுடன் வேலை நேரத்தை நீட்டுவதே வழியென்று கருதுவோர் பலர். 2023 ஒக்டோபரில் இன்போசிஸ் நிறுவனத்தை நிறுவியோருள் ஒருவராகிய நாராயண மூர்த்தி, இந்திய இளைஞர் கிழமைக்கு 70 மணிநேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 சனவரியில் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத் தலைவர் சுப்பிரமணியன் 90 மணிநேரம் பற்றிப் பேசியது வெளிவந்து பெரும் வாதத்தை எழுப்பிற்று. தமிழ்நாட்டிலும் 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணிநேர வேலை நாளுக்கு இடந்தரும் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் சில நாள்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டுப் பின் மீளப் பெறப்பட்டது.

மறுபுறத்திலே நேரத்தைக் குறைத்தோரும் உளர். ஐசுலாந்தில் 2015 முதல் 2019 வரை 2,500க்கு மேற்பட்ட அரச, நகரசபை ஊழியர்க்குச் சம்பளம் குறையாமல், கிழமைக்கு 40 மணிநேரம் 35 அல்லது 36 ஆகக் குறைக்கப்பட்டது. வேலை குன்றவில்லை, சில இடங்களில் மேம்பட்டது. அவர்கள் நேரத்தைக் குறைத்ததோடு நின்றுவிடவில்லை என்பதை மறத்தலாகாது. கூட்டங்களைச் சுருக்கினர், தேவையற்றவற்றைக் கைவிட்டனர், யார் எதனை எப்போது செய்வது என்று தமக்குள் மீண்டும் வகுத்துக் கொண்டனர்.

நம் நாட்டிலும் நேரம் குறைந்தது. 2022 யூனில், எரிபொருள் தட்டுப்பாட்டினால், மூன்று மாத காலத்துக்கு அரச ஊழியர்க்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என அமைச்சரவை முடிவு செய்தது. போக்குவரத்தைக் குறைப்பதும், அந்நாளிலே வீட்டுத்தோட்டம் செய்விப்பதும் அதன் நோக்கம். நெருக்கடி காலத்துக்கு அது தக்கதாய் இருந்திருக்கலாம். எனினும், ஒரு நாள் குறைந்தபோது எந்த வேலை தேவை, எந்த வேலை தேவையில்லை என்று எண்ணிப் பார்க்க வாய்த்த அரிய தருணம் அது. அத்தருணத்தை நாம் கைநழுவ விட்டோம் என்றே எண்ணுகிறேன்.

எனவே 90 என்றும் 35 என்றும் எண்ணைக் கொண்டு வாதிடுவதால் வினா தீராது. அவ்வெண்ணுக்குள்ளே தடையின்றிக் கிடைக்கும் பொழுது எவ்வளவு என்பதே உயிர்நாடி.

சலாபத்தின் ஒழுங்கு

இதனை நன்கறிந்திருந்தவர்கள் நம் கரையிலேயே தொழில் செய்தனர். சலாபத் தோணிகள் நள்ளிரவின்பின் தரைக்காற்றில் பாய் விரித்துப் புறப்படும். விடியற்காலையில் சிப்பிப் பாரை அடைந்து, குறித்த சைகை கிடைத்த பின்னரே குளிப்புத் தொடங்கும். நண்பகலில் மீண்டும் சைகை; உடனே குளிப்பு நிற்கும். கடற்காற்றில் தோணிகள் கரை திரும்பும். காற்றின் போக்கும் ஞாயிற்றின் ஒளியும் வகுத்த வேலைநேரம் அது.

கனத்த கல்லொன்றின் கயிற்று வளையத்தில் காலை நுழைத்துச் சுழியோடி இறங்குவான். இருவருக்கு ஒரு கல். ஒருவன் குளிக்கும்போது மற்றவன் இளைப்பாறுவான். தோணியின் மேலே அவனுடைய கயிற்றைப் பிடித்தபடி ஒருவன் நிற்பான். கீழிருப்பவன் கயிற்றை அசைத்தால் உடனே மேலே இழுப்பது அவன் கடமை. சுழியோடிக்கு வாய்த்தது ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்பின்னான மூச்சு. அந்த மூச்சுப் பொழுதிலே மேலிருப்பவன் கயிற்றை ஆட்டி, ‘இதுவரை எத்தனை சிப்பி எடுத்தாய்?’ என்று கேட்பானாயின் என்ன ஆகும்? சிப்பியும் வாராது, ஆளும் நலமாக வாரான்.

நம்மிடையே அதிபர், பணிப்பாளர், தலைமை எழுதுவினைஞர் ஆகியோரின் நிலை கயிறு பிடிப்போன் நிலையே. கீழிருப்பவனின் சைகையை அவன் எதிர்நோக்கி நிற்கிறான். அவனுடைய கவனமே மற்றவனின் துணிவு. மேலிருந்து கேள்வி கேட்பதே மேற்பார்வை என்று எண்ணும் தலைவன் தன் தொழிலை அறியாதவன்.

ஏட்டுத் தமிழை அச்சேற்றிய நம் முன்னோர் வாழ்விலும் இவ்வொழுங்கைக் காணலாம். உ. வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரானார். அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவகசிந்தாமணியில் ஈடுபட்டார். நூல் வெளிவந்தது 1887இல். நாள்தோறும் வகுப்பு நடத்திக்கொண்டே ஏழாண்டு உழைத்தார். மாணவர்களும் நண்பர்களும் ஏடு படித்து ஒப்பு நோக்க உதவினர். அவ்வேழாண்டில் மாதந்தோறும் எத்தனை பக்கம் முடிந்தது என்று யாரேனும் கணக்குக் கேட்டிருந்தால், முதல் ஆண்டுகளுக்கு அவர் காட்டக்கூடியது ஐயங்களின் பட்டியலாகவே இருந்திருக்கும். அந்த ஐயங்களே பின் பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) ஆகிய பதிப்புகளுக்கு வழி திறந்தன. சென்னையிலே ஆசிரியராய் இருந்த ஆ. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டு தனித்து உழைத்துத் தொகுத்த அபிதான சிந்தாமணி 1910இல் வெளிவந்தது. இருவரும் நேரம் மிகுந்தவரல்லர். கிடைத்த நேரத்தைச் சிதறவிடாதவர்.

பதிவேடு வேண்டாமோ?

இங்கே ஒரு தடை எழும். ‘கணக்கையும் படிவத்தையும் இவ்வாறு குறைத்துப் பேசலாமா? கணக்குக் கேளாத இடத்தில் சோம்பல் வளராதா?’ என்பர். இது தள்ளத்தக்க தடையன்று. இம்மண்ணில் நின்று பேசுவோன் ஒருபோதும் தள்ளலாகாது.

1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது முசலியின் குடிகளும் புத்தளம் முதலிய இடங்களிலே அகதிகளாயினர். 2007இல் போர் இக்கரைக்கு வந்தபோது எஞ்சியிருந்தோரும் இடம்பெயர்ந்தனர். 2009இல் போர் முடிந்து மக்கள் திரும்பியபோது ஒவ்வொரு குடும்பத்தின் வாழ்வும் ஒரு பட்டியலிலே தொங்கிற்று. பட்டியலில் பெயரில்லாதவனுக்கு வீடில்லை. காணியுறுதி இல்லாதவனுக்கு வழக்குரைக்க வாயில்லை. ஒரு கிராம அலுவலர் பொறுமையுடன் சரியாக எழுதிய ஒரு வரி ஒரு குடும்பத்தை நிலைநிறுத்தியதை இங்குள்ளோர் அறிவர். ஆகவே பதிவேடு எமக்குப் பகையன்று.

ஆனால் அவ்வொரு வரியைச் சரியாக எழுதுவதற்கும் அமைதியான பொழுது வேண்டுமன்றோ? ஒரே விவரத்தை ஐந்து வடிவில் ஐந்து பேருக்கு அனுப்பும் விரைவிலேதான் பெயர் பிழைபடுகிறது, எண் மாறுகிறது. ஒருமுறை கேட்டுப் பலமுறை பயன்கொள்ளும் பதிவேடு மக்களுக்குரியது. பலமுறை கேட்டு ஒருமுறையும் பாராத பதிவேடு கேட்டவரின் மன அமைதிக்கு மட்டுமே உரியது. சலாபத்திலும் கணக்கு இருந்தது. கரைக்கு வந்த சிப்பிகளைக் கொட்டு எனப்படும் அடைப்புக்குள் கொண்டுசென்று, தோணிக்காரரே மூன்று சம குவியலாகப் பிரிப்பர். அவற்றுள் இரண்டை அரசாங்கத்துக்கென்று அதிகாரி தெரிந்தெடுப்பார், எஞ்சியது அவர்களுக்கு. எந்தக் குவியல் தம் பங்காகும் என்று முன்னரே தெரியாமையால் பிரிப்பவர் நேர்மையாகவே பிரிப்பர். 1906இல் மறிச்சுக்கட்டிச் சலாபத்தில் இவ்வலுவல் பார்த்தவருள் ஒருவர், பின்னாளில் எழுத்தாளராய்ப் புகழ்பெற்ற லெனாட் வூல்ஃப். கணக்கு கரையிலே நாளுக்கு ஒருமுறை நடந்தது, கடலுக்குள்ளே நடக்கவில்லை.

எட்டுக் கோடியும் அதன் பின்னும்

எண்ணிக்கையையே குறிக்கோளாகக் கொள்வதில் இன்னும் ஒரு தீங்கு உண்டு. 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அக்கணக்கைக் கண்டு மகிழ்ந்த அரசாங்கம் மறு ஆண்டிலே பார்களை ஒரு கம்பெனிக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்கு, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் விட்டது. 1907க்குப் பின் சிப்பி கிடைக்கவில்லை. குத்தகைக் காலம் முடியுமுன்னரே கம்பெனி முடிவெய்தியது. பார்கள் வறிதாவதற்குக் கடல் நீரோட்டம், மணல், சிப்பி தின்னும் மீன் எனப் பல காரணங்கள் உண்டு. முன்னரும் பல ஆண்டுகள் அவை வறிதாகக் கிடந்தன. அதனாலேதான் 1902இல் ஆராய வந்த பேராசிரியர் ஹேர்ட்மன், இளஞ்சிப்பிகளை நல்ல இடத்துக்கு மாற்றி வளர்க்கவும், அவை பற்றுவதற்குக் கடலடியில் கல்லும் ஓடும் இடவும் அறிவுரை கூறியிருந்தார். ஒரு நல்ல ஆண்டின் எண்ணை என்றும் நிலைப்பதாகக் கொண்டு குத்தகை பேசியோர் கடலின் இயல்பை எண்ணாதொழிந்தனர்.

ஆசிரியனின் உள்ளமும் அத்தகைய பாரே. அவன் புதிதாகப் படிக்கும் நூலும், சக ஆசிரியரோடு ஆறியிருந்து பேசும் பேச்சும், ஒன்றும் செய்யாமலிருக்கும் மாலையும் அதிலே விழும் கல்லும் ஓடுமாம். அவற்றைப் பறித்துக்கொண்டு ஆண்டுதோறும் எட்டுக் கோடி கேட்டல் எங்ஙனம் பொருந்தும்?

செய்யத்தக்கன

குறை கூறி அமைவதனால் பயனில்லை. பொருட்செலவின்றி நம் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் செய்யத்தக்கன என எனக்குத் தோன்றுவனவற்றைக் கூறுவேன்.

முதலாவது, நாளிலே ஒரு பொழுதை மூச்சுப் பொழுதாக ஒதுக்குதல். ஆசிரியர்க்குப் பாடமில்லாத வேளைகளுள் ஒன்றையேனும் தொலைபேசியும் படிவமும் அணுகாத வேளையாக அதிபர் காத்தல் வேண்டும். அலுவலகத்தில் மக்கள் வருகைக்கு உரிய நாளும் நேரமும் இருப்பதுபோல, எழுத்துப் பணிக்கு உரிய நேரமும் இருக்கலாம்.

இரண்டாவது, சுற்றுநிருபமும் வேண்டுகோளும் நாளுக்கு ஒருமுறை, குறித்த நேரத்தில் வருதல். உடனே தேவையானது மிகச் சிலவே. அவற்றுக்குத் தொலைபேசியில் பேசினால் போதும். அலுவல் நேரத்துக்குப் பின் வரும் செய்திக்கு மறுநாள் மறுமொழி அனுப்புவது குற்றமாகலாகாது. பிரான்சிலே 2017 முதலும், அவுஸ்திரேலியாவிலே 2024 ஓகத்து முதலும் இதற்குச் சட்டமே உண்டு. நம் நாட்டிலும் கடை, காரியாலய ஊழியர்க்கு 8 மணிநேர நாளை வரையறுத்த சட்டம் 1954இலேயே வந்தது. தொலைபேசி வீட்டுக்குள் வந்தபின் அவ்வரம்பு மெல்ல அழிந்துவிட்டது.

மூன்றாவது, ஒரு விவரத்தை ஒருமுறையே கேட்டல். இப்போது கணினி இருக்கிறது. 2022இன் இறுதி முதல் கடிதமும் அறிக்கையும் எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் பரவிவிட்டன. தாள்வேலையை இவற்றிடம் ஒப்படைக்கலாம். ஆனால் மிஞ்சிய நேரத்தை இன்னும் இரண்டு அறிக்கை கேட்டுப் பறித்துக்கொண்டால் பொறி எழுத, பொறி படிக்க, இடையிலே மனிதன் அனுப்புவோனாக மட்டும் நிற்பான்.

நான்காவது, அளவுகோலை மாற்றுதல். கிழமைக்கு ஒருமுறை ஆசிரியர் சிலர் கூடி, மாணவரின் விடைத்தாள்களுள் இரண்டு மூன்றை மேசையில் வைத்து, இப்பிள்ளை எங்கே தடுமாறுகிறான், நாம் கற்பித்ததில் எது குறை என்று பேசுவராயின், அதுவே நல்ல மேற்பார்வை. சிப்பியை எண்ணுவது எளிது. திறந்து பார்த்தாலன்றி முத்துண்டா என்பது தெரியாது.

திருக்குறளிலே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. சற்றுத் தள்ளித் தெரிந்துவினையாடல் வருகிறது. வினை செய்வோனின் ஆற்றலையும் பொழுதையும் இடத்தையும் அறிந்து, தக்கவனிடம் தக்கதை ஒப்படைத்தலை அரசனுக்குரிய அறிவாகவே அந்நூல் பொருட்பாலில் வைத்தது. புதிய சொல்லால் நாம் தேடுவது பழைய அறிவேயாகும்.

மேலே கூறிய பெண்பிள்ளையின் வினாவுக்கு விடை கிடைத்ததா என்று அன்பர்கள் கேட்கலாம். விடுமுறையிலே, தொலைபேசியை அணைத்து வைத்துவிட்டு, விடியற்காலை நான்கு நாள் நெய்தற் பாடல்களோடு இருந்தேன். நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு. ஞாயிறு சாயும் வேளை. அப்பொழுதிலே கரையில் நிற்பவர் யார்? கடலுக்குச் சென்றவரை நோக்கியிருப்பவர். வலை நிறைந்த மகிழ்ச்சி தோணி வந்தபின் உண்டாவது; பாட்டுப் பிறப்பதோ தோணி வருமுன். பரதவரின் விளையாட்டும் களிப்பும் அப்பாடல்களிலே இல்லாமலில்லை. திணைமயக்கம் என்பதற்கும் தொல்காப்பியம் இடந்தருகிறது. எனினும் காத்திருப்போரின் குரலே அங்கே மேலோங்கி நிற்கிறது. எனக்குத் தோன்றிய விடை இது.

அடுத்த தவணை தொடங்கியதும் அதனை வகுப்பிலே கூறினேன். அவள் சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, “அம்மா அந்தி நேரத்திலே கரையில் போய் நிற்பா, ஐயா, அப்போது யாரும் அவவோடு கதைக்க மாட்டோம்” என்றாள். நான்கு விடியற்பொழுதில் யான் எட்டிய இடத்துக்கு அப்பால் அப்பிள்ளை சென்றுவிட்டாள். அன்றைய பதிவேட்டில் ‘ஐந்திணை, மீட்டல், ஒரு பாடவேளை’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.